ஆனைமுடி ஏன் கடலுக்கு அடியில் போனது? பைனரி கோப்பை அணியாகப் படிக்க எந்த வழி நல்லது

“அண்ணா, ஆனைமுடிச் சிகரம் மைனஸ் முப்பதாயிரத்துச் சொச்சம் மீட்டர்னு வருது. கோப்பு கெட்டுப் போச்சா?”

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையின் உயர ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டுவது அவனுடைய புராஜெக்ட். நாசாவின் உயரத் தரவை இறக்கி, பைத்தானில் நாலு வரி எழுதி ஓட்டியிருக்கிறான். திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட்டான். கோப்பில் ஒரு பைட்கூடக் கெடவில்லை, படித்த விதத்தில்தான் தப்பு.

அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எழுத்தாக இல்லாமல் வெறும் பைட்டுகளாக எண்களை வைத்திருக்கும் பைனரி கோப்பிலிருந்து எண்களை எடுத்து அணியில் (எண்களை வரிசையாக அடுக்கும் அமைப்பு, அதாவது அர்ரே) வைக்கப் பைத்தானிலேயே அரை டஜன் வழிகள் உண்டு. எது வேகம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கோப்பைப் பற்றி நாம் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால், அந்த வழி நம்மை நிறுத்திக் கேட்குமா, இல்லை சத்தமே போடாமல் தப்பான எண்களை நீட்டிவிடுமா? கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

கோப்புக்குள் இருப்பது

2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றிவந்து ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்பது அந்தத் தரவுதான். வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை உள்ள நிலத்தைப் பாகைக்குப் பாகை சதுரமாக வெட்டி, சதுரத்துக்கு ஒரு கோப்பு என்று ஹெச்ஜிடி வடிவில் தருகிறார்கள். தம்பி எடுத்தது வடக்கு 10, கிழக்கு 77 என்று பெயருள்ள கோப்பு. மூணாறு, ஆனைமுடி, கொடைக்கானல், பழனி, உடுமலை, திண்டுக்கல் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இந்தக் கோப்புக்குத் தலைப்பகுதி கிடையாது. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, எண்ணின் வகை இது என்று எதுவும் உள்ளே எழுதியிருக்காது. முதல் பைட்டிலிருந்தே உயரங்கள் தொடங்கிவிடும். ஒவ்வொரு உயரமும் 2 பைட், மைனஸும் வரக்கூடிய முழு எண். வரிசைக்கு 1201 எண், மொத்தம் 1201 வரிசை. ஆக 14,42,401 எண்கள், 28,84,802 பைட். நுணுக்கமான பதிப்பில் 3601-க்கு 3601, அதாவது 2,59,34,402 பைட். கோப்பின் அளவைப் பார்த்தே எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடலாம். கோப்பு தன் வடிவத்தைப் பற்றித் தரும் ஒரே தடயம் அந்த அளவுதான் என்பதால் அதை வீணாக்கக் கூடாது.

அப்புறம் பைட் வரிசை. ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். 10-ஐ 256-ஆல் பெருக்கி 135-ஐக் கூட்டினால் 2695. கோப்பில் முதலில் 10, அடுத்து 135 என்று பெரிய பங்கு முன்னால் இருக்கும். இதுதான் பிக் எண்டியன். நம் மடிக்கணினிகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி சில்லுகள் சிறிய பங்கு முன்னால் இருக்கும் (லிட்டில் எண்டியன்) என்று எதிர்பார்ப்பவை. அவை அதே இரண்டு பைட்டையும் 135-ஐ 256-ஆல் பெருக்கி 10-ஐக் கூட்டிப் படிக்கும். வருவது 34,570. மைனஸ் வரக்கூடிய 2 பைட் எண்ணில் 32,767-க்கு மேல் இடமில்லாததால் அது சுற்றிக்கொண்டு மைனஸ் 30,966 ஆகிவிடும். தம்பி பார்த்தது இந்த எண்ணைத்தான்.

மைனஸ் வந்தது அவனுடைய நல்ல நேரம். அதனால்தான் கண்ணில் பட்டது. ரேடாருக்குப் பிடிபடாத இடங்களில் மைனஸ் 32,768 என்று குறித்திருப்பார்கள். பைட்டுகள் 128, 0. புரட்டிப் படித்தால் அது சாதுவாக 128 மீட்டர் ஆகிவிடும்! செங்குத்தான பள்ளத்தாக்கில் தரவே இல்லாத இடம், சமவெளி மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி நம்பும்படி வரும் தப்பு எண்தான் ஆபத்து.

ஸ்ட்ரக்ட்: கறாரானது, ஆனால் பெரிய அணிக்கு ஒத்துவராது

பைத்தானோடு வரும் ஸ்ட்ரக்ட் தொகுதியில், எத்தனை எண், என்ன வகை, எந்த பைட் வரிசை என்று ஒரு சிறு சரத்தில் (எழுத்துத் தொடரில்) எழுதிக் கொடுக்க வேண்டும். சரத்தின் தொடக்கத்தில் ‘>’ குறி போட்டால் பிக் எண்டியன், ‘<’ போட்டால் லிட்டில் எண்டியன். இதில் எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. சொன்ன அளவும் கொடுத்த பைட்டுகளும் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ உடனே பிழை காட்டி நின்றுவிடும்.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. தொடக்கத்தில் எந்தக் குறியும் போடாவிட்டால் நீங்கள் ஓட்டும் கணினியின் வழக்கப்படி படிக்கும். பைட் வரிசை மட்டுமல்ல, எண்களுக்கு நடுவே சி மொழி விடும் வெற்று இடங்களையும் சேர்த்துக் கணக்கிடும். 1 பைட் எண்ணும் 4 பைட் எண்ணும் அடுத்தடுத்து இருந்தால், குறி போட்டால் 5 பைட், போடாவிட்டால் 8 பைட். கோப்பு படிக்கும்போது குறியில்லாமல் எழுதுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அணி என்று வரும்போது ஸ்ட்ரக்ட் திணறும். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனிப் பைத்தான் பொருளாக ஆக்குவதால் 64 பிட் பைத்தானில் ஒரு சின்ன முழு எண்ணுக்கே 28 பைட் போகும். அதைச் சுட்டும் இடத்துக்கு இன்னும் 8 பைட். நுணுக்கமான பதிப்பின் 26 மெகாபைட் கோப்பு நினைவகத்தில் 400 மெகாபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் ஒரே ஒரு புள்ளி போதும் என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. கொடைக்கானல் வடக்கு 10 பாகை 14 கலை, கிழக்கு 77 பாகை 29 கலை. ஒரு பாகையில் 60 கலை, கலைக்கு 20 புள்ளி. வரிசைகள் வடக்கு ஓரத்திலிருந்து தொடங்குவதால் 1200-லிருந்து 280 போக 920-ஆவது வரிசை, 580-ஆவது இடம், இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். 920-ஐ 1201-ஆல் பெருக்கி 580 கூட்டி இரட்டித்தால் 22,11,000. கோப்பில் அந்த பைட்டுக்குத் தாவி, 2 பைட் படித்து, ஸ்ட்ரக்டிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு விஷயம். கோப்பின் பெயர் தென்மேற்கு மூலையைச் சொல்கிறது, ஆனால் முதல் வரிசை வடக்கு ஓரம். இதைக் கவனிக்காமல் தெற்கிலிருந்து எண்ணினால் 280-ஆவது வரிசையில் போய் நிற்போம். அது தாராபுரம் பக்கம். 2100 மீட்டர் வரவேண்டிய இடத்தில் சமவெளியின் இருநூற்றுச் சொச்சம் வரும். எந்தத் தொகுதியும் இதைப் பிடித்துக் கொடுக்காது. உங்களுக்குத் தெரிந்த ஊரின் உயரத்தைக் கேட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

பைத்தானோடு வரும் இன்னொன்று அரே தொகுதி. இடத்தை வீணாக்காது, வேகமும் பரவாயில்லை. பைட் வரிசையைச் சொல்ல மட்டும் இடமில்லை, படித்து முடித்த பிறகு நீங்களாக எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். எண் அணிகளுக்கென்றே உள்ள நம்பை தொகுதியை நிறுவ முடியாத இடத்தில் தவிர நான் இதைத் தொடுவதில்லை.

நம்பை: ஃப்ரம்ஃபைலா, ஃப்ரம்பஃபரா?

அன்றாட வேலைக்கு நம்பைதான். அதிலும் இரண்டு கதவுகள் உண்டு, இரண்டுக்கும் குணம் வேறு.

ஃப்ரம்ஃபைல் ஒரே வரியில் கோப்பை அணியாக்கிவிடும். ஆனால் வகை எதுவும் சொல்லாவிட்டால் கோப்பில் இருப்பது 8 பைட் தசம எண்கள் என்று தானே முடிவு செய்துகொள்ளும். நம் 28,84,802 பைட்டை அப்படி வெட்டினால் 3,60,600 எண்கள் வரும், எல்லாம் அர்த்தமில்லாதவை. மிச்சம் 2 பைட் இருக்கும். 8-ஆல் வகுபடாத கோப்பு என்பதே வகை தப்பு என்பதற்குச் சாட்சி, ஆனாலும் ஃப்ரம்ஃபைல் அந்த 2 பைட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இத்தனை எண் வேண்டும் என்று கேட்டு, கோப்பில் அவ்வளவு இல்லாவிட்டாலும், இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பாதியில் அறுந்த பதிவிறக்கம் இப்படித்தான் உள்ளே நுழைகிறது.

ஃப்ரம்பஃபர் அப்படியில்லை. கோப்பை நீங்களே பைட்டுகளாகப் படித்துக் கையில் கொடுக்க வேண்டும். அளவு எண்ணின் அகலத்தால் சரியாக வகுபடாவிட்டால் பிழை எழுப்பும். ஒரு வரி கூடுதல்தான், ஆனால் அந்த ஒரு வரியில் நமக்கு இரண்டு லாபம். ஒன்று, பைட்டுகள் கையில் இருக்கும்போதே அளவைச் சரிபார்த்துவிடலாம். இரண்டு, கோப்பு ஜிப்புக்குள் இருந்தால் வெளியே பிரித்து வைக்கத் தேவையில்லை, ஜிப்பிலிருந்து வந்த பைட்டுகளை அப்படியே கொடுக்கலாம். ஃப்ரம்ஃபைலுக்கோ வட்டில் இருக்கும் உண்மையான கோப்புதான் வேண்டும். இந்தத் தரவு பெரும்பாலும் ஜிப்பாகத்தான் கிடைக்கிறது. ஃப்ரம்பஃபர் தரும் அணியில் எதையும் மாற்ற முடியாது, படிக்க மட்டும்தான். அதை நான் குறையாக நினைப்பதில்லை. மாற்ற வேண்டியிருந்தால் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் வகையைச் சொல்லும் இடத்தில் ‘>’ குறியும் ஐ என்ற எழுத்தும் 2-ம் சேர்ந்த சரத்தைக் கொடுத்தால் பிக் எண்டியன், 2 பைட் முழு எண் என்று பொருள். தம்பி வெறுமனே இன்ட்16 (2 பைட் முழு எண்) என்று கொடுத்திருந்தான். ஒரே ஒரு குறிதான் விட்டுப்போனது, ஆனைமுடி பாதாளத்துக்குப் போய்விட்டது.

இதற்கு அவன் தேடிப் பிடித்த தீர்வு பைட்ஸ்வாப் என்ற செயல்பாடு. எண்கள் சரியாகத்தான் வந்தன. ஆனாலும் அதை எடுக்கச் சொன்னேன். அது பைட்டுகளைப் புரட்டும், அணி தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பைத் தொடாது. பிறகு வேறொருவர் வகையையும் சரியாக எழுதி, புரட்டலையும் விட்டுவைத்தால், சரியானது மறுபடி தப்பாகிவிடும். வகையை முதலிலேயே சரியாகச் சொல்லி, அடுத்த வரியில் ஆஸ்டைப் என்ற செயல்பாட்டால் கணினியின் சொந்த வகைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. பிக் எண்டியன் அணியை அப்படியே கொண்டுபோனால் இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் தொகுதி ஏற்க மறுத்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

மாற்றும்போது 4 பைட் முழு எண்ணான இன்ட்32-க்கே மாற்றிவிடுங்கள். உயரத்தைச் சென்டிமீட்டராக்க 2695-ஐ 100-ஆல் பெருக்கினால் 2,69,500 வரவேண்டும். 2 பைட் அணியில் அதற்கு இடமில்லை. வருவது 7,356. இங்கேயும் எச்சரிக்கை எதுவும் வராது.

இனி வடிவம். ஒரே நீளமாக வந்த எண்களை 1201-க்கு 1201 சதுரமாக மடிக்க வேண்டியதை 1200-க்கு 1200 என்று மடிக்கப் பார்த்தால், எண்ணிக்கை ஒத்துவராமல் நம்பை பிழை சொல்லும். அந்தப் பிழையை வாயடைக்க 14,40,000 எண்களோடு வெட்டிக்கொண்டு ஓட்டிய நிரல்களைப் பார்த்திருக்கிறேன். படமாக வரைந்தால் ஒவ்வொரு வரிசையும் ஓர் இடம் நகர்ந்து, பழனி மலைத்தொடர் முழுக்கச் சாய்ந்து ஓடும். அப்படிச் சாய்ந்த படத்தைப் பார்த்தால் அகலத்தில்தான் தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மாட்லாப், ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கோப்பைப் படிக்கும் எஃப்ரீட், அணியை மேலிருந்து கீழாக நெடுக்கு நெடுக்காக நிரப்பும், வரிசை வரிசையாக அல்ல. படித்த பிறகு அணியைத் திருப்பிப் போட வேண்டும். நம் கோப்பு சதுரம் என்பதால் மறந்தாலும் பிழையே வராது, வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு ஓடும் மூலைவிட்டம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும், மற்றதெல்லாம் இடம் மாறிவிடும்.

மெம்மேப்: என் கையைச் சுட்டது

நம்பையிலேயே இருக்கும் மெம்மேப், கோப்பை நினைவகத்துக்குள் கொண்டுவராமல், வட்டில் இருக்கும் கோப்பையே அணி மாதிரி காட்டும். தொட்ட பகுதி மட்டும் உள்ளே வரும். நினைவகத்தைவிடப் பெரிய கோப்புக்கு இது நல்ல வழி.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையில், தரவில்லாத இடங்களின் மைனஸ் 32,768-ஐப் பூஜ்யமாக்க மெம்மேப் அணியில் ஒரு வரி எழுதினேன். படம் அழகாக வந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு நிரல் அதே கோப்பைப் படித்து, தரவில்லாத இடம் ஒன்றுகூட இல்லை என்றது. மெம்மேப்புக்கு முறை எதுவும் சொல்லாவிட்டால் படிக்கவும் எழுதவும் என்றுதான் திறக்கும். நான் அணியில் மாற்றியது மூலக் கோப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. எந்தப் புள்ளி உண்மையில் கடல் மட்டம், எந்தப் புள்ளி நான் போட்ட பூஜ்யம் என்று பிரிக்க வழியே இல்லை. மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து படிப்பதற்கு மட்டும் என்ற ஆர் முறையை எழுதாமல் மெம்மேப்பைத் திறந்ததில்லை. கூடவே, மூலத் தரவு இருக்கும் கோப்புறைக்கு எழுதும் அனுமதியையே எடுத்துவிடுகிறேன்.

ஹெச்ஜிடி கோப்பின் அளவுக்கு மெம்மேப் தேவையே இல்லை. 3 மெகாபைட்டோ 26 மெகாபைட்டோ, முழுதாகப் படித்துவிடலாம்.

ஜிடால்: கோப்பைத் தெரிந்தவரிடமே கொடுப்பது

வகை, பைட் வரிசை, அகலம், தரவில்லாத குறி, வரைபடத்தில் இருக்கும் இடம், இவ்வளவையும் நாம் சொல்வதற்குப் பதில் ஏற்கெனவே தெரிந்த நிரலிடம் விட்டுவிடலாம். நிலவரைபடத் தரவுகளுக்கான ஜிடால் ஹெச்ஜிடியை நேரடியாகப் படிக்கும், பைத்தானில் ராஸ்டரியோ தொகுதி வழியாக எடுத்தால் எழுதுவதும் எளிது. ஆனைமுடி 2695-ஐ ஒட்டி வரும், தரவில்லாத இடம் இது என்று தனியாகச் சொல்லும், அகல நெடுங்கோட்டைக் கொடுத்து உயரம் கேட்கலாம்.

இரண்டு கோப்பை ஒட்டும்போது இதன் அருமை தெரியும். ஏன் 1201, 1200 இல்லை? பக்கத்துச் சதுரங்கள் ஓர வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. கிழக்கு 76 கோப்பின் கடைசி நெடுக்கு வரிசையும் கிழக்கு 77 கோப்பின் முதல் நெடுக்கு வரிசையும் ஒரே நெடுங்கோடு. கையால் ஒட்டினால் அந்த நெடுக்கு வரிசை இரண்டு முறை வரும். ஜிடாலுக்கு இடம் தெரியும் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். இடத்தை அது பெயரிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. கொடைக்கானல் என்று அழகாகப் பெயர் மாற்றினால் திறக்காது. எனக்கு இது பிடித்திருக்கிறது, தெரியாததை ஊகிக்காமல் நின்றுவிடுகிறது அல்லவா? நிறுவுவது மற்றவற்றைவிடப் பாரம் என்பதும் உண்மை. ஒரே கோப்பு, கல்லூரிக் கணினி, நிர்வாகி அனுமதி இல்லை என்றால் அதற்காகப் போராட வேண்டாம்.

விண்டோஸில் சி எழுதினால்

சி மொழியில் கோப்பைத் திறக்கும்போது முறையில் பைனரி என்பதைக் குறிக்கும் பி என்ற எழுத்தை விட்டுவிட்டால், லினக்ஸில் ஒன்றும் ஆகாது. விண்டோஸில் அது உரைக் கோப்பாகிவிடும். 13, 10 என்று இரண்டு பைட் அடுத்தடுத்து வந்தால் வரி முடிவு என்று நினைத்து 13-ஐ விழுங்கிவிடும். 2573 மீட்டரின் பைட்டுகள் 10, 13. அடுத்த புள்ளியும் 2560-க்கு மேல் என்றால் அதன் முதல் பைட் 10. ஆனைமுடிச் சரிவில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. அந்த இடத்திலிருந்து மீதிக் கோப்பு முழுவதும் ஒரு பைட் நகர்ந்துவிடும். இன்னும் மோசம், 26 என்ற பைட் வந்தால் கோப்பே முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடும். 282 மீட்டரின் பைட்டுகள் 1, 26. சமவெளியில் 282-க்கா பஞ்சம்?

பைத்தான் 3-இல் பி-யை மறந்தால், உரையாகப் புரிந்துகொள்ள முடியாத பைட் வந்த உடனே பெரும்பாலும் பிழை எழும்பிவிடும். அந்த வகையில் பாதுகாப்பு.

தலைப்பகுதி உள்ள கோப்பு

எல்லாக் கோப்பும் ஹெச்ஜிடி மாதிரி மொட்டையாக இருக்காது. கையெழுத்து இலக்கங்களின் எம்னிஸ்ட் தொகுப்பில் பயிற்சிப் படக் கோப்பு 4,70,40,016 பைட். 28-க்கு 28 படங்கள் 60,000, அவற்றுக்கு முன்னால் 16 பைட் தலைப்பகுதி. அதில் 2051, 60,000, 28, 28 என்று நாலு எண்கள், எல்லாம் பிக் எண்டியன். தலைப்பகுதியைத் தாண்டாமல் படித்தால் ஒவ்வொரு படமும் 16 புள்ளி வலப்பக்கம் நகர்ந்து, இலக்கம் ஓரத்தில் வெட்டுப்பட்டு மறுபக்கத்தில் தலைகாட்டும்.

இங்கே நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். தலைப்பகுதிக்கு ஸ்ட்ரக்ட், உடம்புக்கு ஃப்ரம்பஃபர். முதல் எண் 2051 இல்லாமல் 5,08,55,936 என்று வந்தால் பைட் வரிசை புரண்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். அந்த எண் முன்னால் இருப்பதால்தான் இப்படிச் சோதிக்க முடிகிறது. நீங்களே அணியைச் சேமித்து வைப்பதாக இருந்தாலும் இதே யோசனைதான். நம்பையின் டூஃபைலால் வெறும் பைட்டுகளாக எழுதாதீர்கள், அதன் சேவ் போதும். வகை, பைட் வரிசை, வடிவம் மூன்றையும் தலைப்பகுதியில் எழுதிவைத்துவிடும்.

தம்பிக்குச் சொன்ன முடிவு

அவனுக்கு ஒரே கோப்பு, ஒரே சாலை. அதற்கு ஃப்ரம்பஃபர் போதும் என்றேன். கோப்பை பைட்டுகளாகப் படி, 28,84,802 இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்து, வகையில் குறியைப் போடு, இன்ட்32-க்கு மாற்று, 1201-க்கு 1201 மடி. அப்புறம் மைனஸ் 32,768 எத்தனை என்று எண்ணிப் பார். கடைசியாகக் கொடைக்கானலையும் தாராபுரத்தையும் கேள். சாலையைப் பற்றிய கணக்கு எதுவும் இந்தச் சோதனைகளுக்கு முன்னால் வரக்கூடாது.

அன்று இரவே படத்தை அனுப்பினான். பழனியில் முந்நூற்றுச் சொச்சத்தில் தொடங்கிய கோடு, வளைவு வளைவாக ஏறி இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. கூடவே இன்னொரு கேள்வி: “அண்ணா, பொள்ளாச்சி–வால்பாறை ரோட்டையும் சேர்க்கட்டுமா?” வால்பாறை 77 பாகைக்கு மேற்கே, அடுத்த கோப்பில் விழுகிறது. பொள்ளாச்சி 77-இன் ஓரத்தை ஒட்டி நிற்கிறது. அதைச் சேர்ப்பதாக இருந்தால் இந்த நிரலை நீட்டாதே, ராஸ்டரியோவை நிறுவிக்கொள் என்று பதில் போட்டேன்.